நாகஷிமாவின் மேஜையும் எங்க ஊர் ஆசாரியும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னைக்கும் மேட்டர் ஆணி, ஆப்பு சம்பந்தப்பட்டதுதான். ஆனா இது நிஜ மரம், நிஜ ஆப்பு. வரலாறுன்னா கொட்டாவி விடுற மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, கடைசியில சொந்தக் கதையும் உண்டு.

போன மாசம் பாண்டிச்சேரி போனப்போ அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டே விடுதியை ரோட்டுல நின்னு பார்த்தேன். ஜன்னலுக்குப் பதிலா சுவர் முழுக்க படுக்கைவாட்டுப் பட்டைகள். திறந்தா காத்து வரும், வெயில் வராது. நம்ம நாட்டின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒண்ணு. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமா நிதி வந்ததால கோல்கொண்டான்னு பேர். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். அவரோட டோக்கியோ அலுவலகத்திலிருந்து 1937ல் கட்டட வேலையைக் கவனிக்க பாண்டிக்கு வந்து சேர்ந்தவர்தான் நம்ம ஹீரோ, ஜார்ஜ் நாகஷிமா.

ஜப்பானியப் பெற்றோருக்கு 1905ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்தில் பிறந்தவர். 1930ல் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை முதுகலைப் பட்டம். இன்னைக்குப் பொறியியல் படிக்கிற பசங்க கனவு காணும் அதே எம்.ஐ.டி. தான். அப்பேர்ப்பட்ட ஆள் பாண்டிச்சேரிக்கு வந்து, சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டு ஆசிரமவாசி ஆயிட்டார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். கட்டட வேலையோடு, அறைகளுக்கான தேக்கு சாமான்களையும் அங்கே வடிவமைத்தார்.

1939ல் பாண்டியை விட்டுக் கிளம்பி, அடுத்த வருஷம் அமெரிக்கா திரும்பினார். அங்கே ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ஒரு வீட்டின் கட்டுமானத்தைப் போய்ப் பார்த்தார். வரைபடம் பிரமாதம், கட்டுற வேலை மட்டம். வரைகிறவன் ஒருத்தன், செய்கிறவன் வேறொருத்தன் என்றால் இப்படித்தான் ஆகும், ஆரம்பம் முதல் முடிவு வரை என் கையில் இருக்கும் வேலைதான் வேணும்னு முடிவெடுத்து, கட்டடக்கலையை ஓரம் வைத்துவிட்டு சியாட்டிலில் மரப்பட்டறை ஆரம்பித்தார். ஸ்பெக் எழுதுறவன் ஒரு ஊர்ல, கோடு அடிக்கிறவன் ஒரு ஊர்லன்னு பொழப்பு நடத்துற நமக்கு இது நல்லாவே புரியும் :-)

பட்டறை நிலைப்பதற்குள் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். 1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு 9066. மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள்! நாகஷிமா, மனைவி மரியன், கைக்குழந்தை மீரா மூணு பேரும் ஐடஹோ மாநிலத்தில் இருந்த மினிடோகா முகாமுக்குப் போனார்கள்.

நான் சொல்ல வந்த விஷயமே இந்த முகாமில்தான் நடந்தது. அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்று ஒரு தச்சர். ஜப்பானில் பாரம்பரிய முறையில் தொழில் பழகியவர். எம்.ஐ.டி. பட்டதாரி அவரிடம் போய் மாணவனாக நின்றார். உளிக்கு எப்படிச் சாணை பிடிப்பது, ஜப்பானிய ரம்பத்தை எப்படித் தன் பக்கம் இழுத்து அறுப்பது, மரத்தோட மரத்தை எப்படிக் கோப்பது என்று ஒண்ணொண்ணாகக் கற்றார். நல்ல மரம் கிடையாது. கட்டடத்துக்கு வந்த பலகையில் மிஞ்சிய துண்டுகளும், பாலைவனப் புதரின் முறுக்கிய கட்டைகளும்தான். இருந்ததை வைத்து அழகா எதையாவது செய்தே ஆகணும் என்ற நிலை.

1943ல் ரேமண்டே பொறுப்பேற்று அவரை வெளியே கொண்டுவந்தார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் ஊருக்குப் பக்கத்திலிருந்த ரேமண்டின் பண்ணையில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, அந்த வட்டாரத்திலேயே சொந்தப் பட்டறை போட்டார்.

அவர் மேஜைகளைப் பார்த்தால், மரத்தின் வெளி ஓரம் வளைஞ்சு நெளிஞ்சு அப்படியே இருக்கும். கணு இருக்கும், வெடிப்பு இருக்கும். வெடிப்பைப் புட்டி வைத்து மறைக்க மாட்டார். அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி மாதிரி, இரண்டு பக்கம் அகன்று நடுவில் குறுகிய ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பதிப்பார். பலகை ஈரத்துக்கு விரிந்து, காய்ந்தால் சுருங்கும். வெடிப்பு மேலும் ஓடாமல் அந்தத் துண்டு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் குறை என்று ஒதுக்கும் பலகைதான் இவர் பட்டறையில் சிறப்புப் பலகை.

அகமதாபாத் என்.ஐ.டி. தச்சர்கள் செய்வதற்காகவும் 1964ல் நாற்காலி, மேஜை வடிவமைத்துக் கொடுத்தார். 1990ல் மறைந்தார். முகாமில் கைக்குழந்தையாக இருந்த மீராதான் பிறகு பட்டறையை ஏற்று நடத்தினார். 2014ல் அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று யூட்யூபில் ஓரம் சீவாத பலகை மேஜை செய்யும் கைவினைஞர்கள் பலருக்கும் முன்னோடி இவர்தான்.

இன்னொரு விஷயம். பல வருஷம் அவர் தன் சாமான்களில் கையெழுத்தே போடவில்லை. பலகைக்கு அடியில் வாங்கினவர் பேரைத்தான் எழுதுவார்கள். ஆனால் குரு ஹிகோகாவாவின் பேர் நமக்கு எப்படித் தெரியும்? நாகஷிமா அதை மறைக்காமல் சொல்லிட்டுப் போனதால்தான்.

இப்போ சொந்தக் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கடையில் கம்ப்யூட்டர் மேஜை வாங்கினேன். மரத்தூளை அழுத்திச் செய்த அட்டைப் பலகை. ஒரு மழைக்காலம் தாங்கல, ஓரமெல்லாம் அப்பம் மாதிரி உப்பிடுச்சு. ஊர்ல தாத்தா காலத்துப் பூவரசம் பெஞ்ச் ஒண்ணு இருக்கு. நடுவில் ஒரு வெடிப்பு, அதுல குறுக்கே ஒரு மரத்துண்டு இறக்கியிருக்கும். சின்ன வயசுல அந்த வெடிப்புல நாலணா ஒளிச்சு வைப்பேன். இஞ்சினியரிங் சேர்ந்த புதுசுல, "இந்த உடைஞ்ச பெஞ்சை பழைய சாமான்காரனுக்குப் போடுங்கப்பா"ன்னு சொன்னதும் நான்தான். நல்லவேளை, அப்பா கேக்கல.

நாகஷிமா படங்களைப் பார்த்ததும் அந்தத் துண்டு ஞாபகம் வந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, அந்த பெஞ்ச் செஞ்சவர் பேரு என்ன?"

"ஆசாரிடா."

"அது தெரியும். பேரு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ஆசாரின்னுதான்டா கூப்பிடுவோம். தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தாத்தா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. எங்க வீட்டு நிலை, கதவு, அம்மாவோட அஞ்சறைப் பெட்டி எல்லாம் அந்த ஒரு மனுஷன் கைதான். அமெரிக்க முகாம்ல இருந்த தச்சர் பேர் எனக்குத் தெரியுது, அடுத்த தெருவில் இருந்தவர் பேர் தெரியல.

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். தெருவில் ரெண்டு மூணு பெரியவங்க இன்னும் இருக்காங்க, கேட்டுப் பார்க்கணும். கிடைச்சா பெஞ்சுக்கு அடியில் எழுதி வைப்பேன். உங்க வீட்டிலும் ஒரு பெஞ்சோ தொட்டிலோ இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வைங்க மக்களே.