வாப்பாமாருக்கு விளங்காத பாஷை: எங்கள் வீட்டுச் சொற்களின் கதை

பெற்றார் கூட்டங்களில் ஆசிரியர்களாகிய எங்களிடம் இப்போது அடிக்கடி ஒரு முறைப்பாடு வருகிறது. புள்ளிகள் பற்றியதும் அல்ல, வரவு பற்றியதும் அல்ல. "சேர், புள்ள போன்ல கதைக்கிறது ஒண்டும் எங்களுக்கு விளங்குதில்ல. பக்கத்துல இருந்துதான் கதைக்குது. தமிழ்தான். ஆனா விளங்குதில்ல."

இதைச் சொல்லும்போது சில உம்மாமார் சிரிக்கிறார்கள். சிலருக்குக் குரல் கம்முகிறது. வீட்டுக்குள்ளேயே பிள்ளை வேறு ஊருக்குப் போய்விட்டது போன்ற ஒரு பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் பாஷையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், எங்கள் சொந்தப் பாஷை எப்படி உருவானது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி பேசுவது தமிழில் புதிதல்ல. அதற்கு இலக்கணத்தில் பெயரே இருக்கிறது: குழூஉக்குறி. 13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் அதைத் தகுதி வழக்கில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப் பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று வகுப்பில் உதாரணம் படித்திருப்போம். குடித்தவன் உள்ளே இருப்பதையெல்லாம் உளறிவிடுவான் என்பதால் கள்ளுக்குச் 'சொல்விளம்பி' என்று பெயர். இன்றைய பிள்ளை ஒருவன் இந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருந்தால், அன்று மாலைக்குள் வகுப்பு முழுக்கப் பரவியிருக்கும்.

எங்கள் காலத்திலும் இப்படி ஒன்று இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்துப் பேசும் பாஷை பலருக்கு நினைவிருக்கும். 'வா' என்றால் 'கவா', 'போ' என்றால் 'கபோ'. பெரியவர்களுக்கு விளங்காமல் பேசப் பிள்ளைகள் அதைப் பாவித்தார்கள். பிள்ளைகளுக்கு விளங்காமல் பேச உம்மாமாரும் அதையே பாவித்தார்கள்.

இனி எங்கள் வீட்டுப் பேச்சுக்கு வருவோம். மௌத்து, ஹயாத்து, நசீபு, சபர், பறக்கத்து என்று நாங்கள் சொல்பவை எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. மார்க்கத்தோடும் வியாபாரத்தோடும் கடல் கடந்து வந்து எங்கள் தமிழில் கலந்தன. வந்தவை வந்தபடியே இருக்கவும் இல்லை. அரபியில் 'முஸீபத்' என்றால் பெருந்துன்பம். எங்கள் வீடுகளிலோ சொல்வழி கேளாமல் திரியும் மகனைப் பார்த்து உம்மா "முஸீபத்து புடிச்சவனே" என்கிறார். அரபு தேசத்தில் ஒருவர் கேட்டால் திகைத்துப் போவார். ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருளை வளைத்து, தங்கள் தேவைக்குப் பாவிப்பதைத்தான் இன்று பிள்ளைகளும் செய்கிறார்கள்.

சொல்லோடு இது நிற்கவில்லை, எழுத்துக்கும் போனது. எங்கள் முன்னோர் தமிழை அரபு எழுத்துகளால் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருந்த எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் சொல்கிறோமே, அது இதுதான். குர்ஆன் ஓதத் தெரிந்த, ஆனால் தமிழ் எழுத்துப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்கள் பலர் மார்க்கச் சட்டங்களையும் கதைகளையும் இந்த எழுத்தில்தான் படித்தார்கள். 'மாப்பிள்ளை லெப்பை ஆலிம்' என்று அறியப்பட்ட கீழக்கரை இமாமுல் அரூஸ் அவர்கள் (1816-1898) இந்த எழுத்தில் எழுதியவை இலங்கையிலும் ஓதப்பட்டன.

இன்று எங்கள் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதுகிறார்கள். பார்த்ததும் எங்களுக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் செயல் ஒன்றுதான். கைக்குப் பழகிய எழுத்தில் வாய்க்குப் பழகிய மொழியை எழுதுகிறார்கள். இதில் எச்சரிக்கையும் ஒன்று உண்டு. மூத்தும்மாமார் வைத்திருந்த அரபுத் தமிழ்க் கிதாபுகளை இன்று எடுத்து வாசிக்கக்கூடியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர்? அந்த எழுத்தைத் திட்டி யாரும் அழிக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதுவதை விட, தமிழ் எழுத்தில் ரசித்து வாசிக்க ஒன்றும் இல்லாமல் வளர்வதுதான் எங்களுக்குக் கவலை தரவேண்டியது.

அடுத்ததாக வீட்டுச் சாமான்களைப் பாருங்கள். அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு, யன்னல், சாவி, துவாய், சப்பாத்து, தாச்சி, குசினி, பாண், விசுக்கோத்து எல்லாம் போர்த்துக்கீசச் சொற்கள். 1505இல் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் விட்டுப்போனவை. அவர்கள் எங்களுக்கு நல்லது செய்தவர்கள் அல்லர். 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னவர்கள். கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்ததால்தான் பலர் மலைநாட்டிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் குடியேறினார்கள். அப்படித் துரத்தியவர்களின் சொல்லில்தான் நாங்கள் இன்றும் கதிரையில் இருந்து, மேசையில் பாண் வைத்துச் சாப்பிடுகிறோம். சொல் வரும்போது அதைக் கொண்டு வந்தவர் யாரென்று யாரும் விசாரிப்பதில்லை. தேவைப்பட்டால் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒல்லாந்தர் கந்தோரையும் நொத்தாரிசையும் போஞ்சியையும் தந்தார்கள். மலாய் மொழியிலிருந்து சம்பலும் தொதலும் றம்புட்டானும் வந்தன. கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவும் இல்லை. எங்கள் வீடுகளில் மச்சான் என்றால் மாமியின் மகன். கிழக்கில் கணவனைக் கூப்பிடும் சொல்லும் அதுதான். அந்தத் தமிழ்ச் சொல் சிங்கள இளைஞரின் வாயில் 'மச்சங்' ஆகி, கொழும்பில் ஆங்கிலம் பேசுவோர் வரை போய், இப்போது நண்பன் என்ற பொருளில் எங்கள் பிள்ளைகளிடமே திரும்பி வந்திருக்கிறது. "மச்சான் எண்டு கூப்பிட அவன் உனக்கு என்ன முறை?" என்று அதட்டுமுன், அது எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போன சொல் என்பதையும் நினைவில் வைப்போம்.

புதிய பேச்சைக் கண்டு பெரியவர்கள் பயப்படுவதும் பழைய கதைதான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் படித்தால் பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்று எங்கள் சமூகத்தில் பலர் பயந்தார்கள். மிஷனரிப் பாடசாலைகள் நிறைந்திருந்த அந்தக் காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. கண்டியில் பிறந்த சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை அவர்கள் (1838-1898) பயந்து ஒதுங்கவும் இல்லை, பயந்தவர்களைப் பரிகசிக்கவும் இல்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, சமூகத்துக்கு விளங்கும் தமிழில் கல்வியைப் பற்றி எழுதினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் தந்தார். தமிழில் நாவல் என்பதே அப்போது புதிது. புதியதை வீட்டுக்கு வெளியே நிறுத்தாமல், உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பேசினார் என்று சொல்லலாம்.

"அது சரி, இந்தச் சுருக்கெழுத்தெல்லாம் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் சரித்திரத்தில் பதில் உண்டு. நாங்கள் எல்லோரும் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லும் 'ஓகே', 1839இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் அச்சானது. 'எல்லாம் சரி' என்ற ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் எடுப்பது அந்தக் காலத்தில் ஒரு பகிடி. மற்றப் பகிடிகள் மறைந்துபோக, ஓகே மட்டும் நிலைத்தது. பிள்ளைகள் அனுப்பும் 'ஓஎம்ஜி'யோ 1917லேயே ஒரு கடிதத்தில் இருக்கிறது. எழுதியவர் பிரித்தானியக் கடற்படையின் ஃபிஷர் பிரபு, அப்போது அவருக்கு 76 வயது. கடிதம் போனது வின்ஸ்டன் சேர்ச்சிலுக்கு.

இப்போது பிள்ளைகளின் சொற்களுக்கு வருவோம். அவை நாலு வாசல்களால் வருகின்றன.

முதலாவது தமிழ்நாட்டுச் சினிமாவும் யூடியூப்பும். 'கெத்து' என்றால் மிடுக்கு, 'மொக்கை' என்றால் சுவையில்லாதது, 'கலாய்' என்றால் கேலி செய், 'வேற லெவல்' என்றால் மிகப் பிரமாதம்.

இரண்டாவது வீடியோ விளையாட்டுகள். 'நூப்' என்றால் ஆடத் தெரியாத புதியவன். 'சஸ்' என்றால் சந்தேகத்துக்குரியது. 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது ஒரு விளையாட்டின் வழியாக இந்தச் சொல் எங்கும் பரவியது.

மூன்றாவது டிக்டொக்கும் இன்ஸ்டகிராமும். 'க்ரிஞ்ச்' என்றால் பார்ப்பவருக்கே கூச்சம் வரவைப்பது. 'ரிஸ்' என்றால் ஆளைக் கவரும் திறமை. 2023இல் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர்கள் இதை ஆண்டின் சொல்லாகத் தெரிந்தார்கள். 'கோஸ்ட் பண்ணிட்டான்' என்றால், சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுத்துக்கொண்டான். 'சிக்ஸ் செவன்' என்று கையை ஆட்டிக்கொண்டு கத்தினால், அதற்குப் பொருள் தேடிக் களைக்க வேண்டாம். பொருள் இல்லாததுதான் அதன் பகிடி.

நாலாவது வாசல் பக்கத்து வீடு. சிங்கள நண்பர்களோடு படிக்கும், விளையாடும் பிள்ளைகளிடம் 'எலகிரி'யும் 'பட்ட'யும் வருகின்றன. எலகிரி என்றால் பசும்பால். ஆனால் பையன் சொல்வது 'அருமை' என்று. 'பட்ட'க்கும் அதே பொருள்தான்.

இவற்றில் பெரும்பாலானவை நாலைந்து வருடத்தில் மறைந்துவிடும். இன்று பிள்ளைகளே "அது பழசு சேர்" என்று சொல்லும் சொற்கள் மூன்று வருடத்துக்கு முன் வகுப்பறையை ஆட்டிப் படைத்தவை. ஆகவே புதிய சொல் வந்து எங்கள் தமிழை அழித்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஒரு பாஷை எப்போது அழிகிறது என்பதை எங்கள் சமூகம் பட்டு அறிந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வீடும் காணியும் மட்டும் போகவில்லை. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலும் மன்னார்க் கிராமங்களிலும் பேசிய பேச்சு அந்தத் தெருவையும் வயலையும் கடலையும் இழந்தது. புத்தளத்தில் வளர்ந்த பேரப்பிள்ளைகளிடம் அந்தச் சொற்கள் கொஞ்சம்தான் போய்ச் சேர்ந்தன. பேசியவர்கள் சிதறியதால், கேட்க ஆளில்லாததால் தேய்ந்த பேச்சு அது.

அதே ஆபத்து ஒரே கூரைக்குக் கீழேயும் வரலாம். மகன் ஒரு சொல்லைச் சொல்கிறான், வாப்பா சிரிக்கிறார் அல்லது அதட்டுகிறார். மகன் அடுத்த முறை சொல்வதில்லை. இப்படிப் பத்துச் சொற்கள் போனால் பதினோராவதாகப் போவது செய்தி. எங்கள் பயம் இதுதான். ஏனென்றால் பகிடிக்காக மறைக்கும் சொற்களோடு, ஆபத்தை மறைக்கும் சொற்களும் இருக்கின்றன. 'ஐஸ்' என்றால் எப்போதும் குளிர்பானத்துக்குப் போடுவது அல்ல. எங்கள் நாட்டில் எத்தனையோ குடும்பங்களை அழித்துக்கொண்டிருக்கும் போதைப்பொருளின் பெயரும் அதுதான். "ஸ்க்ரீன்ஷொட் வச்சிருக்கான்" என்று மகள் சாதாரணமாகச் சொல்வதற்குள்ளே, யாரோ அவளது படத்தையோ செய்தியையோ வைத்து மிரட்டும் கதை இருக்கலாம். "என்னை எல்லாரும் கோஸ்ட் பண்றாங்க" என்பது ஒதுக்கப்பட்ட பிள்ளையின் அழுகையாக இருக்கலாம். சொல்லின் பொருள் தெரிந்த பெற்றாருக்கு அங்கே ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். சொல்லையே தடை செய்த பெற்றாருக்கு அது காதில் விழாது.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. விளங்காத சொல் வந்தால், "அதென்ன மகன், எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே அதைப் பாவிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அதைவிட க்ரிஞ்ச் வேறில்லை! பெரியவர்களிடமும் ஆசிரியர்களிடமும் எந்தப் பேச்சு, நண்பர்களிடம் எந்தப் பேச்சு என்ற வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். கெட்ட வார்த்தைக்கும் ஒருவரைக் காயப்படுத்தும் கேலிக்கும் மட்டும் கோடு போடுங்கள். மற்றதை விட்டுப் பிடியுங்கள். பிள்ளை ஆபத்தில் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், ஊர் என்ன சொல்லும் என்று தாமதிக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னொன்று. பிள்ளை ஒரு சொல் தந்தால் பதிலுக்கு நீங்களும் ஒன்று கொடுங்கள். உங்கள் மூத்தும்மா பாவித்த ஒரு சமையல் சொல், வயலில் கேட்ட ஒரு சொல், உங்கள் ஊரில் மட்டும் உள்ள ஒரு முறைப் பெயர். ஒரு கொப்பி எடுத்து ஒரு பக்கத்தில் அவர்களுடையதையும் மறுபக்கத்தில் உங்களுடையதையும் எழுதச் சொல்லுங்கள், தமிழ் எழுத்தில். அடுத்த பெற்றார் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.