புள்ளியும் கோடும் ஈட்டிய பெருமை

ஓவியத்தைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், அது எவற்றால் ஆகியது என வினவினால் விடை கூற வல்லார் சிலரே. மொழிக்கு எழுத்துகள் எவ்வாறோ, அவ்வாறே ஓவியத்திற்கும் அடிப்படைக் கூறுகள் உண்டு. புள்ளி, கோடு, வடிவம், வண்ணம், பரப்பின் தன்மை, வெளி என்பன அவற்றுள் தலையாயவை. மொழியின் எழுத்து நம் முன்னோர்க்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. ஓவியத்தின் எழுத்துகளோ ஒடுக்கப்பட்டோர் கைகளில் அழியாது வாழ்ந்தன. பீகார் மாநிலத்தின் மிதிலைப் பகுதியில் வாழும் துசாத் மக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவர்கள் அம்மாநிலத்தின் பட்டியல் இனத்தவருள் ஒரு பெரும் பிரிவினர்.

சுவர் ஓவியம் தாளுக்கு வந்த கதை

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. மதுபனியில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர், இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் வண்ண ஓவியங்களைக் கண்டு வியந்தார். 1949இல் 'மார்க்' என்னும் கலை இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். அவர் எடுத்துரைத்தவை பிராமண, காயஸ்தக் குலப் பெண்கள் திருமண அறைகளில் தீட்டியவை.

1966–67இல் பீகாரில் கடும் வறட்சி நேர்ந்தது. மக்களுக்கு வருவாய் தேட, புபுல் ஜெயகர் தலைமையில் இருந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம், பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியரை அங்கு அனுப்பியது. அவர் பெண்களுக்குத் தாள் கொடுத்து வரையச் செய்தார். சுவரில் இருந்த கலை தாளில் ஏறி நகரங்களில் விலைபோயிற்று. 1975இல் ஜகதம்பா தேவி பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முதலில் இப்பயன் பெரும்பாலும் மேற்சாதி இல்லங்களையே சென்றடைந்தது. அதே ஊர்களில், அதே வறட்சியில் வாடிய துசாத் பெண்களின் கைகளுக்குத் தூரிகை வந்தது 1970களின் தொடக்கத்தில்தான். எதை வரைவது என்னும் வினா அப்போது எழுந்தது. ஜெர்மன் நாட்டு மானிடவியலாளர் எரிகா மோசர் அவர்களிடம், உங்கள் சொந்தக் கதைகளையும் வடிவங்களையும் வரையுங்கள் என ஊக்கமளித்தார். ஜித்வார்பூரைச் சேர்ந்த சானோ தேவி அதற்கு விடை கண்டார். தம் மக்களின் உடலில் குத்தப்படும் பச்சையையே அவர் தாளுக்குக் கொண்டுவந்தார். பச்சை குத்துதலை அங்கு 'கோத்னா' என்பர். ஓவிய முறைக்கும் அதுவே பெயராயிற்று.

கூறுகள் தொழிற்படும் விதம்

ஊசி தோலில் பதிக்கும் முதற் குறி புள்ளி. புள்ளிகள் தொடர்ந்தால் கோடு. காண்டின்ஸ்கி என்னும் உருசிய ஓவியர், ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, 1926இல் புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அந்நூலை அறியாமலே, எழுத்தறிவு பெறாத பெண்கள் அவ்வுண்மையைத் தம் தோலில் தாங்கி நின்றனர்.

கோடு மூடினால் வடிவம் பிறக்கும். பூ, மீன், யானை, மரம், மனிதர் என எளிய சிறு வடிவங்களே கோத்னாவில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருங்கால் அதனின்று ஒரு தாளக்கட்டு உண்டாகிறது.

வண்ணத்தில் அவர்கள் தொடங்கியது விளக்குக் கரியின் கருமையில். மூங்கிற் குச்சியே எழுதுகோல். பின்னர் இலை, பூ, பட்டை ஆகியவற்றின் சாறுகளும் சேர்ந்தன. பொருட்செலவின்மையே இங்குக் கலையின் இலக்கணமாக மலர்ந்தது.

பரப்பின் தன்மை என்பது கண்ணால் தொட்டுணரத்தக்க பண்பு. சாணக் கரைசலைத் தாளின்மேல் மெல்லப் பூசி உலர்த்தினால், அது மண்சுவரின் நிறத்தையும் சாயலையும் பெறும். இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் ஜமுனா தேவி என்பர். இழிதொழில் எனப் பிறர் இகழ்ந்த சாணம் தொட்ட கை, அதே சாணத்தால் ஓவியத்திற்கு நிலம் அமைத்தது.

வெளி என்பது உருவங்களுக்கு இடம் வகுக்கும் முறை. கோத்னாவில் உருவங்கள் வரிசை வரிசையாகவோ, ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த வட்டங்களாகவோ நிற்கும். அருகில் உள்ளது பெரிது, தொலைவில் உள்ளது சிறிது என்னும் வேறுபாடு அங்கு இல்லை. அவ்வரிசைகளின் நடுவே துசாத் மக்கள் வழிபடும் வீரர் ராஜா சல்ஹேஷ் யானைமீது எழுந்தருள்கிறார். பிறர் புராணங்களில் தமக்கு இடம் இல்லாதோர், தம் தலைவனுக்குத் தாளில் இடம் வகுத்துக் கொண்டனர்.

நாம் கொள்ள வேண்டுவது

பர்னி, கச்னி, கோத்னா என மிதிலை ஓவியத்தை முறைப்படுத்தியபோது, அவை முறையே பிராமணர், காயஸ்தர், துசாதர் எனச் சாதிப் பெயரோடும் பிணைக்கப்பட்டன. கலையிலும் சேரி பிரித்தனர் போலும்! எனினும் அவ்வேலி காலப்போக்கில் தளர்ந்தது. ஒருவர் முறையை மற்றவர் கையாளலாயினர். பள்ளி செல்லாது, வீட்டு வேலை செய்து பிழைத்த மீனவக் குலத்துத் துலாரி தேவி 2021இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். கோத்னா ஓவியர்களான சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் இணையருக்கு 2024இல் அவ்விருது அறிவிக்கப்பட்டது. ஊசிமுனையில் தொடங்கிய கோடு இத்துணைத் தொலைவு நடந்திருக்கிறது.

நம் இளைஞர்கள் கல்லூரிகளில் ஓவியம் பயில வேண்டும்; உலகக் கலை நூல்களைக் கற்க வேண்டும். அத்துடன், தம் பாட்டியின் முன்கையில் உள்ள பச்சைக் கோலத்தையும் ஒருமுறை அமர்ந்து உற்று நோக்க வேண்டும். அங்கே புள்ளி உண்டு, கோடு உண்டு, வடிவமும் உண்டு. அவரோடு அது மறைந்துபோகு முன் ஒரு தாளில் படியெடுத்து வைப்பது நம் முதற் பாடமாகட்டும்.