பானைக்குள் ஒரு நாயனம்

ஒலிபெருக்கிப் பெட்டியைக் கடையில் வாங்குவது நல்லதா, சாமான்களை வாங்கி வந்து நாமே செய்துகொள்வது நல்லதா என்று சென்ற மாதம் என் தங்கை மகன் என்னிடம் கேட்டான். கதை எழுதிக்கொண்டிருக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. குருவிகுளத்தில் எங்கள் பழைய வீட்டில் இன்றும் ஒரு பெட்டி இருக்கிறது. இரண்டு ஆள் சேர்ந்தாலும் அதை எளிதில் தூக்க முடியாது. அதைச் செய்தவர் என் தாய்மாமா. அந்தப் பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற எண்ணம் பையனுக்கு.

அவனுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதில் சொன்னால் அது பாதிப் பதிலாகத்தான் இருக்கும்.

ரேடியோ பிறந்த காலத்தில் செய்கிறவன் வேறு, கேட்கிறவன் வேறு என்ற பிரிவு அவ்வளவாக இல்லை. 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரேடியோ கேட்டவர்களில் பலர் தங்கள் கருவியைத் தாங்களே பூட்டிக்கொண்டவர்கள். நம் நாட்டிலும் ஆரம்பம் அப்படித்தான். 1924-ல் சென்னையில் மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒரு சங்கம் ஏற்பட்டது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் அதற்கு முன்னின்று உழைத்தார். சர்க்கார் கைவைக்கும் முன்பே ஆர்வக்காரர்கள் நடத்திய ஒலிபரப்பு அது. பணமில்லாமல் 1927-ல் அது நின்றுபோயிற்று. 1930-ல் சென்னை நகரசபை அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938-ல்தான் வந்தது.

அப்போதெல்லாம் கேட்பதற்குக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி இருந்தது. இல்லாவிட்டால் கிராமபோனில் இருப்பது போன்ற கூம்பு. 1925-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வேறொரு முறையை வெளியிட்டார்கள். ஒரு காந்தத்தின் இடுக்கில் மெல்லிய கம்பிச்சுருள். அந்தச் சுருளோடு ஒட்டிய காகிதக் குடை. மின்சாரம் ஏறி இறங்கும்போது சுருள் முன்னும் பின்னும் ஆடும். குடை காற்றைத் தள்ளும். இன்று நம் வீடுகளில் உள்ள ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை அந்த இருவரின் பிள்ளைகள்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஊருணியில் ஒரு சிறு பலகையைச் செங்குத்தாகப் பிடித்து முன்னே தள்ளிப் பாருங்கள். முன்னால் நெருக்கப்பட்ட தண்ணீர் பலகையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடும். அலை எழும்பாது. காகிதக் குடையும் அப்படியே. அது முன்னே தள்ளும் காற்று ஓரத்தைச் சுற்றிப் பின்னே ஓடிவிட்டால் கனத்த ஒலிகள் எல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். கீச்சுக் குரல்தான் மிஞ்சும். ஆகவே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்க ஒரு தடுப்பு வேண்டும். பெட்டி என்று நாம் சொல்வது அந்தத் தடுப்பைத்தான். பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்ததல்ல.

இந்தப் பெட்டியை எப்படிச் செய்வது என்பதில்தான் இரண்டு தலைமுறை ஆட்கள் மூளையைக் குழப்பிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் 1932-ல் வார்ஃப்டேல் என்ற பெயரில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். செய்து விற்றதோடு அவர் நிற்கவில்லை. 1948-ல் ஒலிபெருக்கிகளைப் பற்றிச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு மூலையில் செங்கல்லை அடுக்கிப் பெட்டி கட்டுங்கள், இரண்டு பலகைகளுக்கு நடுவே மணலை நிரப்புங்கள் என்றெல்லாம் யோசனை சொன்னார். 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையில் வாசித்த சங்கீதத்தையும் ஒலிபெருக்கியில் வந்த சங்கீதத்தையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்துச் சபையையே நடுவராக உட்கார்த்தினார். தம் சரக்கை விற்கும் வியாபாரி, அதை வாங்குகிறவனுக்கே செய்முறையையும் சொல்லிக்கொடுத்தது அபூர்வமான விஷயம்.

அமெரிக்காவில் கதை வேறு விதம். அங்கே ஹீத் கம்பெனி, யுத்தம் முடிந்து மலிவாகக் கிடைத்த மின்சாமான்களை வைத்துக்கொண்டு 1947-ல் ஐம்பது டாலருக்குக் குறைந்த விலையில் ஒரு சோதனைக் கருவியைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்றது. கூடவே ஒவ்வொரு படியையும் விளக்கும் புத்தகம். பிறகு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி என்று எல்லாம் அப்படியே வந்தன. அலுவலகம் போய்வந்தவர்கள் இரவில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தார்கள். 1992-ல் அந்தக் கம்பெனி இந்த வியாபாரத்தை நிறுத்திக்கொண்டது.

இதற்கிடையில் 1954-ல் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள்ளிருந்தே கனத்த ஒலியை வரவழைத்துக் காட்டினார். உள்ளே அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக வேலை வாங்கிவிட்டார். 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர், இந்த ஒலிபெருக்கிக்கு இவ்வளவு கன அளவுள்ள பெட்டி என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று காட்டினார். 1971-ல் அமெரிக்காவில் அது மறுபடி அச்சான பிறகுதான் உலகம் அதை நன்றாகக் கவனித்தது. அதுவரை பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் செய்து பார்த்து, கேட்டுப் பார்த்து, உடைத்துப் பார்த்துத்தான் கற்றார்கள். என் மாமாவும் அவர்களில் ஒருவர். ஆனால் அவர் இருந்த இடம் வேறு.

அமெரிக்கனுக்குக் கடையில் தயார்ச் சாமான் இருந்தது. அவன் பொழுதுபோக்குக்காகச் செய்தான். இங்கே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. பெரிய கம்பெனிகளின் ரேடியோக்கள் கரிசல்காட்டுச் சம்சாரியின் கைக்கு எட்டாத விலை. ஆசை இருந்தால் செய்துகொள்ள வேண்டியதுதான். செய்தாலும் சர்க்கார் விடாது. 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் பூட்டிய ரேடியோவுக்கும் லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புத்தகத்தில் வில்லை ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த லைசென்ஸ் 1980-களில்தான் ஒழிந்தது.

1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்போது குருவிகுளம் சங்கரன்கோவில் தாலுகாவில், திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. இன்று தென்காசி மாவட்டம். மாமா கோவில்பட்டியில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். ஒரு முறை சென்னைக்குப் போனவர் மூர் மார்க்கெட்டில் பழைய வால்வுகளையும், காந்தம் கனத்த ஓர் ஒலிபெருக்கியையும், எடைக்குப் போட்டிருந்த இங்கிலீஷ் பத்திரிகைகளையும் வாங்கி வந்தார். அந்த மார்க்கெட் 1985-ல் எரிந்துபோயிற்று.

முதலில் அவர் ஒலிபெருக்கியை ஒரு மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தார். இது அவர் கண்டுபிடித்ததல்ல; பின்னாளில் தமிழ்நாட்டில் எத்தனையோ டீக்கடைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பானையில் வைத்ததும் குரல் கம்பீரமாகிவிட்டது. தெருவே கூடி நின்று கேட்டது. மாமா மட்டும் முகத்தைச் சுளித்தார். "செய்தி வாசிக்கிறவரும் கும்முங்கறார், தவிலும் கும்முங்குது. எல்லாம் ஒரே கும்மு!" என்றார்.

அவர் சொன்னது சரி. எந்தப் பானைக்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் குடத்தை வாத்தியமாக வைத்திருப்பதே அதனால்தான். வாத்தியத்துக்குச் சொந்தக் குரல் வேண்டும். ஒலிபெருக்கிக்குச் சொந்தக் குரல் இருக்கவே கூடாது. வீட்டில் பெட்டி செய்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் தாங்கள் அறியாமலே ஒரு வாத்தியத்தைச் செய்துவிட்டு, ஒலி பிரமாதம் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

அடுத்தது தேயிலைப் பெட்டிப் பலகை. மெல்லிய பலகை, அதுவும் கூடவே அதிர்ந்து பாடியது. பிறகுதான் பழைய பத்திரிகை ஒன்றில் மணல் நிரப்பிய பலகையின் படம் மாமாவின் கண்ணில் பட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதைப் படித்து அர்த்தம் சொன்னார். வைப்பாற்று மணலைச் சலித்து, வறுத்து, இரட்டைப் பலகைக்கு நடுவே கொட்டினார்கள். "பெட்டிக்குள்ளே மண்ணை அடைக்கிறதுக்கு ஆசாரி எதுக்குய்யா? கொத்தனாரைக் கூப்பிடும்" என்றார் தச்சர்.

அது முடிந்த அன்று மைக்செட்காரரிடம் தட்டு இயந்திரத்தை இரவல் வாங்கி, 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் இசைத்தட்டைப் போட்டார் மாமா. எஸ். ஜானகியின் பாட்டுக்குக் காருகுறிச்சி அருணாசலம் நாயனம் வாசித்திருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அவரை நேரில் கேட்டவர் மாமா. தட்டு முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும், "சீவாளியிலே ஈரம் தெரியுது" என்றார். அவ்வளவுதான். 1964-ல் அருணாசலம் காலமானபோது அந்தத் தட்டை அன்று இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

இனி செலவுக் கணக்குக்கு வருவோம். "மாப்பிள்ளே, இந்தத் துட்டுக்கு ரெண்டு ரேடியோ வாங்கியிருக்கலாமே!" என்று என் தகப்பனார் கேட்டார். "வாங்கியிருக்கலாம் அத்தான்" என்று மாமா ஒப்புக்கொண்டார். அத்தையின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. அது மீள நான்கு வருஷம் ஆயிற்று. அந்த நான்கு வருஷமும் பெட்டி பாடும்போது அத்தை அடுக்களையை விட்டு வெளியே வந்ததில்லை.

மாமாவுக்கு அதனால் ஒரு தொழில் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றுப்பட்டியில் எந்த ரேடியோ ஊமையானாலும் அவரிடம் வரும். தொண்ணூறுகளில் மலிவான தயார்ப் பெட்டிகள் குவிந்தபோது அந்தத் தொழிலும் ஓய்ந்தது. தயார்ப் பெட்டியை நான் பழிக்கவில்லை. தீல் போட்ட கணக்கும், அளந்து பார்க்கும் கருவிகளும் இன்று தொழிற்சாலையில் இருக்கின்றன. விலைக்கு ஏற்ற ஒலி நிச்சயம் கிடைக்கும். நானும் சென்னையில் ஒன்று வாங்கினேன். மூன்றாம் வருஷம் வாயடைத்துப் போயிற்று. ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பழுது பார்க்கிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், ஒட்டி மூடியிருக்காங்க. திறந்தா உடையும்" என்று கையை விரித்துவிட்டார். மாமாவின் பெட்டியில் பன்னிரண்டு திருகாணிகள். அறுபது வருஷத்தில் காகிதக் குடையை இரண்டு முறை மாற்றியாயிற்று. அது இன்னும் பேசுகிறது.

தங்கை மகனுக்குப் பதில் சொல்லும் முன் அத்தையிடம் போனேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெட்டியைப் பையன் கேட்கிறான் என்றேன்.

"கொண்டுபோகச் சொல்லு" என்றாள். சற்றுப் பொறுத்து, "நல்லாத்தான் பாடுச்சு. சங்கிலியும் திரும்பி வந்துருச்சு. ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டா எடுத்தாரு உங்க மாமா?" என்றாள்.

பையனுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: பணம் மிச்சமாகும் என்று எண்ணிச் செய்யாதே, ஆகாது. நன்றாகக் கேட்க மட்டும் வேண்டுமானால் கடைக்குப் போ. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், கெட்டால் நீயே திறக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் செய். ஆனால் செய்வதற்கு முன் உன் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.