காப்பாற்ற ஓடுபவர்களை யார் காப்பாற்றுவது? அவசரகாலப் பணியாளர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியில் காயப்பட்டவர்களைத் தூக்கிய இளைஞர்களில் நானும் ஒருவன். எங்களுக்குக் கையுறை கிடைக்கவில்லை. சொப்பிங் பையைக் கையில் கட்டிக்கொண்டு தூக்கினோம். பையும் தீர்ந்த பிறகு வெறுங்கையால் தூக்கினோம். அந்த இரத்தத்தில் என்ன நோய் இருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இருக்கவில்லை.

இப்போது கிராம மட்டக் குழுக்களுக்கு முதலுதவி பழக்குகிறேன். அண்மையில் ஒரு வகுப்பின் முடிவில் தொண்டராக வந்த தம்பி ஒருவர், “அண்ணை, சனத்தைக் காப்பாத்துறதுக்கு எல்லாம் சொல்லித் தந்தீங்கள். எங்களுக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?” என்று கேட்டார். அந்த இடத்தில் என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குத் தெரிந்த வரலாறு

உதவப் போனவர்கள் உயிரிழந்த கதைகள் எங்கள் மண்ணில் நிறைய உண்டு. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாண வைத்தியசாலையில் கடமையில் நின்ற வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளர்களோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் அக்ஷன் பாம் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டார்கள். 2009இல் வன்னியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பணியாளர்கள் மூவர் உயிரிழந்தார்கள். இந்தக் கொலைகளுக்கு நீதி இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கை தொடர வேண்டும்.

ஆனால் குண்டு விழாத காலத்திலும் உதவப் போகிறவர் சாகிறார், நோயாளியாகிறார், நித்திரை இழக்கிறார். நியூயோர்க்கில் 2001 செப்டெம்பர் 11 அன்று 343 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அந்த இடிபாட்டின் தூசியைச் சுவாசித்த நோய்களால் பின்னர் இறந்த தீயணைப்பாளர்களின் தொகை இன்று அதையும் தாண்டிவிட்டது. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று வகைப்படுத்தியது. ஆபத்து அன்றோடு முடிவதில்லை என்பதை இந்த இரண்டு விடயங்களும் காட்டுகின்றன.

அமெரிக்காவில் இந்த அனுபவத்திலிருந்து பணியாளர்களின் நலனைக் கண்காணிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். களத்துக்குப் போகும் முன், களத்தில் நிற்கும்போது, திரும்பிய பின் என்று அது மூன்று கட்டங்களாகப் பார்க்கிறது. பெரிய பணம் இல்லாத எங்கள் குழுக்களுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

போவதற்கு முன்

முதலில் பெயர்ப் பதிவு. யார் போகிறார், எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், அவருடைய இரத்த வகை என்ன, வீட்டில் யாருக்கு அறிவிப்பது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி களத்துக்குப் போகாத ஒருவரிடம் இருக்க வேண்டும்.

அடுத்தது தடுப்பூசி. ஈரல் அழற்சி பி தடுப்பூசி மூன்று தடவை போடப்படும்: முதல் ஊசி, ஒரு மாதத்தின் பின், ஆறு மாதத்தின் பின். ஆகவே வெள்ளம் வந்த பிறகு தொடங்கினால் பயனில்லை. ஏற்பு வலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் பாருங்கள். இரண்டையும் பற்றி உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம்.

பையில் இருக்க வேண்டியவை: கையுறை, முகக்கவசம், கண்ணாடி, தடித்த அடியுள்ள சப்பாத்து, ரோச், விசில், குடிநீர், கயிறு. செருப்போடு வெள்ளத்தில் இறங்குபவர் அரை மணி நேரத்தில் தானே நோயாளியாகலாம்.

களத்தில்

வெள்ளம்: ஓடும் நீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஆளை விழுத்தும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். தடியை எட்டிக் கொடுங்கள். முடியாவிட்டால் கயிற்றையோ மிதவையையோ எறியுங்கள். அதுவும் முடியாவிட்டால் படகில் போங்கள். பயிற்சியும் மிதவை அங்கியும் இல்லாதவர் நீந்திப் போகக் கூடாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியை உயிருள்ள கம்பி என்றே எண்ணுங்கள்.

எலிக்காய்ச்சல்: 2024 டிசெம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலிலுள்ள சிறு காயத்தால் உடலுக்குள் நோயைக் கொண்டுபோகும். வெள்ளத்தில் வேலை செய்பவர்களுக்குத் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் கொடுக்கப்படுகிறது. அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எடுங்கள். கடையில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

கிணறு: கிணற்றுக்குள் நீர் இறைக்கும் இயந்திரத்தை இறக்கி ஓட்டினால் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு கீழே தேங்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, ஒரே வீட்டில் இரண்டு மரணம் நடக்கும். சுவாசக் கருவி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். 110ஐ அழையுங்கள். அதுவரை மேலிருந்து காற்றை உள்ளே அனுப்ப முயலுங்கள்.

வெடிபொருட்கள்: இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்தது. வடக்கில் அகற்றும் வேலை பல வருடங்களாக நடந்தும் நிலத்துக்குள் இன்னும் மிச்சம் உண்டு. வெள்ளம் அவற்றை இடம் மாற்றும். பற்றைக்குத் தீ வைத்தால், குப்பை எரித்தால் வெடிக்கும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். மற்றவர்கள் போகாதபடி தூரத்தில் அடையாளம் வையுங்கள். பொலிஸுக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள்.

ஊசி குத்தினால்: குத்திய இடத்தைப் பிதுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. 28 நாட்கள் எடுக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

உடலங்கள்: ஆழிப்பேரலையின்போது, உடலங்களால் தொற்றுநோய் பரவும் என்ற பயத்தில், அடையாளம் காணாமலே பல உடல்கள் அவசரமாகப் புதைக்கப்பட்டன. அனர்த்தத்தில் காயப்பட்டு இறந்தவர்களின் உடல்கள் பெருந்தொற்றை உண்டாக்குவதில்லை. கையுறை, சப்பாத்து, கை கழுவுதல் ஆகியவை தூக்குபவருக்குப் போதிய பாதுகாப்பு. ஆகவே புகைப்படமும் அடையாளக் குறிப்பும் எடுக்க நேரம் உண்டு. காணாமற்போனவரைத் தேடி அலையும் குடும்பங்களின் வேதனையை அறிந்த எங்களுக்கு இதன் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

நித்திரை: 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனம் மது அருந்தியவரின் கவனத்தைப் போல மங்கிவிடும். அம்புலன்ஸ் ஓட்டுபவரை மாற்றிவிடுவதும் உயிர்காக்கும் வேலைதான்.

திரும்பிய பின்

நான் நீண்ட காலம் யாரோடும் கதைக்கவில்லை. இறைச்சிக் கடையைக் கடக்கும்போது மூச்சு முட்டும். அது என் பலவீனம் என்று நினைத்தேன். வட பகுதி மக்களின் மனவடுக்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்களின் எழுத்தைப் படித்த பிறகே இது உடம்பும் மனமும் காட்டும் இயல்பான எதிர்வினை என்று விளங்கியது.

களத்திலிருந்து வந்தவரை இருத்தி, நடந்ததை முழுவதும் சொல்லு என்று வற்புறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. சாப்பாடு, நித்திரை, பக்கத்தில் ஒரு ஆள், கேட்க ஆயத்தமான காது ஆகியவையே முதல் உதவி. ஒரு மாதம் கடந்தும் நித்திரையின்மை, திடுக்கிடுதல், கோபம், குடி தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

சட்டத்தில் எங்கள் இடம்

இலங்கையின் பிரதான தொழிற்பாதுகாப்புச் சட்டம் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வெள்ளக் களமும் வீதி விபத்தும் தொழிற்சாலை அல்ல. வேலையில் காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. 2022இல் அது திருத்தப்பட்டு, நட்டஈட்டின் உச்சத்தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. ஆனால் இது தொழில் ஒப்பந்தம் உள்ளவருக்கானது. சம்பளமில்லாத தொண்டருக்கு இதில் இடம் தேடுவது கடினம்.

சர்வதேச தொழில் அமைப்பு 2018இல் பொது அவசரசேவைப் பணியாளர்களுக்கான வழிகாட்டல்களை ஏற்றுக்கொண்டது. 2022இல் பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக்கியது. இவற்றைக் காட்டிக் கேட்கலாம். தொண்டர்களை அழைக்கும் எந்த அமைப்பிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காப்புறுதி உண்டா? கையுறையும் சப்பாத்தும் யார் தருவது? காயப்பட்டால் யார் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சிறு காயமாக இருந்தாலும் அன்றே திகதியோடு பதியச் செய்யுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய இலக்கங்கள்

1990 – சுவசெரிய இலவச அம்புலன்ஸ் (வடக்கில் 2018 ஜூலை முதல்)
110 – தீயணைப்பு, மீட்பு
117 – அனர்த்த முகாமைத்துவ நிலையம்
119 – பொலிஸ்
1987 – மின்சார சபை
1926 – தேசிய உளநல உதவி

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: இன்றைய நிலையில் உனக்குப் பொறுப்பானவர் என்று சட்டம் தெளிவாக ஒருவரையும் காட்டவில்லை. அதைக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்க வேண்டும். அதுவரை உன் பெயரை எழுதி வைத்திருக்கும் அந்தக் கொப்பிக்காரர் பொறுப்பு. உன்னோடு களத்தில் நிற்பவர் பொறுப்பு. கையுறை இல்லாமல் உன்னை அனுப்ப மறுக்க வேண்டிய நானும் பொறுப்பு. அடுத்த வகுப்பில் கொப்பியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.