இலையுதிர் காலமும் நம்ம ஊர் ஐப்பசியும்: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்

"இயற்கைக் காட்சி வரைக" என்று ஓவியத் தேர்வில் கேட்டால் நாம் என்ன வரைவோம்? இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு! பாகூரிலும் வில்லியனூரிலும் மலையே கிடையாது. ஆனாலும் கை தானாக மலையைத்தான் போடும். இலையுதிர் காலம் என்றாலும் அதே கதைதான். காலண்டரில் பார்த்த மஞ்சள் மரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அப்படிப்பட்ட மஞ்சள் மரங்களை வரைந்து உலகப் புகழ் பெற்றவர் ரஷ்ய ஓவியர் லெவித்தான். அவருடைய 'பொன் இலையுதிர் காலம்' 1895-இல் தீட்டப்பட்டது. தான் படித்த மாஸ்கோ ஓவியப் பள்ளியிலேயே 1898 முதல் பாடமும் நடத்தினார். அவர் வரைந்தது அவருடைய மண்ணின் மரங்களை. நாம் வரைவது யாருடைய மரங்களை?

தமிழர் பகுத்த ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். லெவித்தானின் ஊரில் இலை உதிர்ந்து முடியும் அந்த நாட்களில் இங்கே மழை கொட்டும். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வரும், சங்கராபரணி ஓடும், வயல் பச்சை கட்டும். நம் இலையுதிர் காலத்துக்கு நிறம் பச்சை!

நம் மண்ணை எப்படி வரைவது என்று வாழ்நாள் முழுக்கத் தேடிய ஓர் ஆசிரியர் நம் பக்கத்திலும் இருந்தார். அவர்தான் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோவையில் பிறந்தவர். தபால் தந்தித் துறை வேலையை விட்டுவிட்டு, 1936-இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அது 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. பணிக்கரின் ஆரம்பகால ஓவியங்கள் நீர்வண்ண இயற்கைக் காட்சிகள். தென்னை, கால்வாய், ஈரமான பச்சை என்று கேரளத்து நிலம் அவற்றில் தெரியும்.

1957-இல் அதே பள்ளிக்கு அவர் முதல்வரானார். ஐரோப்பிய பாணியை நகலெடுப்பதா, பழைய இந்திய பாணியைத் திரும்பச் செய்வதா என்ற கேள்விக்கு இரண்டும் வேண்டாம் என்பதே அவர் கண்ட வழி. 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும் எழுத்து போன்ற வடிவங்களும் வந்தன. மாணவர்களை அவர் தன் நகல்களாக ஆக்கவில்லை. அவர் முதல்வராக இருந்தபோது அங்கே படித்த ஆதிமூலம், பிற்காலத்தில் வெறும் வண்ணப் பரப்புகளாலேயே நிலத்தைக் காட்டினார்.

படம் வரைந்து பிழைக்க முடியுமா என்ற கேள்வி அன்றும் இருந்தது. 1966-இல் பணிக்கரும் மாணவர்களும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். பணிக்கர் 1977-இல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும்போது வழியில்தான் வரும். நேரம் கிடைத்தால் இறங்கிப் பாருங்கள் நண்பர்களே!