மான் மேய்ந்த வரலாறு

'கன்னிக்காடு' என்கிற சொல்லாடல்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலிருக்கும் ஹைடா குவாய் தீவுக்கூட்டம், அரசு வரைபடத்தில் 2010 வரை 'ராணி சார்லட் தீவுகள்'. 1862இல் தொடங்கிய பெரியம்மை ஹைடா மக்களை வாரிக்கொண்டு போனது. 1878இல் வந்தேறிகள் வேட்டைக்கறிக்காகச் சிட்கா மானைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய் இல்லாத மண். நீந்தி நீந்தித் தீவு தீவாகப் பரவிவிட்டது.

இன்று போகிறவர் பார்ப்பது பிரமாண்ட மரங்கள், கீழே துடைத்துவிட்ட மாதிரி பச்சைப் பாசி. ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று தோன்றும். அந்தத் தரையை உண்டாக்கியதே மான்தான். (நம் புலவர்களுக்கு மான் என்றால் மருண்ட பார்வைதானே!) மானே எட்டாத தீவு, 20 ஆண்டுக்குள் எட்டிய தீவு, 50 ஆண்டுக்கு மேல் மேய்ந்த தீவு என மூன்றையும் ஆய்வாளர்கள் பக்கத்தில் வைத்து வாசித்தபோதுதான் இது அம்பலமானது. முதலாவதில் ஆள் நுழைய முடியாத புதர். கடைசியில் புதரும் போச்சு, அதில் கூடு கட்டும் பறவையும் அருகிப்போச்சு. 1997 முதல் ரீஃப் தீவில் மான்களைச் சுட்டுக் குறைத்தார்கள். செடிகொடி திரும்ப ஆரம்பித்தது.

ஹைடாக்களுக்குப் படகும் குலச்சின்னத் தூணும் செதுக்கச் செஞ்சீடர் மரம் வேணும். அது பருக்கப் பல நூற்றாண்டு ஆகும். வெட்டுக் கம்பெனிகள் விட்டுவைத்த கிழமரங்கள் நிற்கின்றன. கன்றுகளைத்தான் மான் தலையெடுக்க விடுவதில்லை. ஆனால், அதே மானின் கறி இன்று ஹைடா வீட்டு அடுப்பிலும் வேகிறது. அடியோடு சுட்டுத் தள்ளு என்று வெளியிலிருந்து சொல்வது அதனால் அத்தனை லேசில்லை.