அம்பலப்படுத்துவோரும் மக்கள் அபிப்பிராயமும்

அரசாங்கத்தின் இரகசியங்களைப் பொதுநலன் கருதி அம்பலப்படுத்துபவர் மக்களின் காவலரா, நாட்டின் துரோகியா என்ற வினா ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. எட்வேர்ட் ஸ்னோடன் விவகாரத்தில் இவ்வினாவுக்கு அந்நாட்டு மக்கள் அளித்த விடை கூர்ந்து நோக்கத்தக்கது.

தேசிய பாதுகாப்பு முகவரகத்தில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய ஸ்னோடன், 2013 ஜூனில் அதன் ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கையளித்தார். வெரிசோன் நிறுவனம் தனது வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்பு விபரங்களை நாள்தோறும் அம்முகவரகத்திடம் ஒப்படைக்க வேண்டுமென இரகசிய நீதிமன்றமொன்று கட்டளையிட்டிருந்தமை அதன்மூலம் வெளிவந்தது. கோடிக்கணக்கான மக்களின் தகவல்கள் திரட்டப்படுகின்றனவா என மூன்று மாதங்களுக்கு முன்னர் செனட் குழு வினவியபோது, தெரிந்து அவ்வாறு செய்வதில்லை என்றே தேசிய புலனாய்வுப் பணிப்பாளர் பதிலளித்திருந்தார்.

அந்த ஜூனில் ப்யூ ஆய்வு நிலையம் நடத்திய கருத்துக்கணிப்பில், தகவல் வெளியானது பொதுநலனுக்கு உகந்தது என 49 வீதமானோரும் தீங்கானது என 44 வீதமானோரும் கூறினர். ஆயினும், வெளியிட்டவர் மீது வழக்குத் தொடரப்பட வேண்டுமென 54 வீதமானோர் கருதினர். அடுத்த மாதம் குவினிபியாக் பல்கலைக்கழகம் வினவியபோது, அவரைத் துரோகி என்றோர் 34 வீதத்தினரே. முறைகேட்டை அம்பலப்படுத்தியவர் என்றோர் 55 வீதத்தினர்.

இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் வெளியான உண்மையின் பயனையும் பணியாளர் இரகசியக் கடப்பாட்டை மீறியதையும் மக்கள் வெவ்வேறாக எடைபோட்டனர் என்றே கொள்ளவேண்டும். இரண்டையும் ஒருங்கே விசாரித்துத் தீர்ப்பதற்குரிய இடம் நீதிமன்றமே. எனினும், 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டம் அதற்கு இடமளிப்பதில்லை. பொதுநலனுக்காகவே வெளியிட்டேன் என்பது அச்சட்டத்தின் கீழ் ஓர் எதிர்வாதமாக ஏற்கப்படுவதில்லை.

வியட்நாம் யுத்தம் பற்றிய சுமார் 7,000 பக்க இரகசிய ஆவணத்தை 1971இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்கு வழங்கிய டானியல் எல்ஸ்பேர்க்கின் அனுபவமும் இதுவே. ஆவணத்தை ஏன் பிரதி செய்தீர் என அவரது சட்டத்தரணி கேட்டபோது, பதிலளிக்க நீதிபதி அனுமதிக்கவில்லை. 115 ஆண்டுச் சிறைத்தண்டனையை எதிர்நோக்கியிருந்த அவர் 1973இல் தப்பியது சட்டத்தின் தயவினால் அன்று. வெள்ளை மாளிகையின் ஏவலாட்கள் அவரது உளநல வைத்தியரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தமை அம்பலமானதாலேயே வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2023இல் தமது 92ஆவது வயதில் அவர் காலமானபோது பலரும் அவரைப் போற்றினர்.

ஸ்னோடன் வெளியிட்டவற்றுள் வெளிநாட்டுப் புலனாய்வு சார்ந்தவையும் இருந்தன. அவர் ரஷ்யாவில் தஞ்சமடைந்ததும் விமர்சிக்கப்பட்டது. இவ்விமர்சனங்களைப் புறந்தள்ள முடியாது. அதேவேளை, அவர் வெளிப்படுத்திய தொலைபேசித் தகவல் திரட்டலைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை என 2015 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் அதை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் அதற்குக் காரணமானவர் மீதான குற்றச்சாட்டுகள் நீக்கப்படவில்லை. 2022இல் அவருக்கு ரஷ்யப் பிரஜாவுரிமை வழங்கப்பட்டது.

கருத்துக்கணிப்பில் கிடைக்கும் ஆதரவு எதிரிக் கூண்டில் நிற்பவரைக் காப்பதில்லை. இரகசியத்தை மீறியவரை விசாரிக்க வேண்டுமென மக்கள் விரும்புவதில் தவறில்லை. அவ்விசாரணையில் அவர் எதற்காக மீறினார் என்பதையும் ஜூரிகள் கேட்பதற்குச் சட்டம் வழிவிட வேண்டும். அதுவரை அது பாதி விசாரணையே.